பொள்ளாச்சிக்குப் படம் எங்கே?

ஓர் இனம் தன் வரலாற்றைக் கல்லில் எழுதும், ஏட்டில் எழுதும், எழுத்தறியாதார் நெஞ்சில் வாய்மொழியாக எழுதும். 1839-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் தாகேர் என்பார் தம் ஒளிப்பட முறையை வெளியிட்ட நாள்தொட்டு, மாந்தர்க்கு நான்காவதாக ஓர் எழுத்தும் வாய்த்தது. அஃது ஒளியால் எழுதும் எழுத்து. கல்வெட்டைப் படிக்கப் பயிற்சி வேண்டும். ஏட்டைப் படிக்க மொழியறிவு வேண்டும். ஒளிப்படத்தைப் படிக்கக் கண் ஒன்றே போதும். ஆகலின், அது மலை கடந்தும் கடல் கடந்தும் செல்கிறது; மொழியறியாத மாந்தனின் நெஞ்சையும் தொடுகிறது. ஓர் ஊரில் வீழ்ந்த குருதியை உலகின் மறுகோடியில் உள்ளவன் காணுமாறு செய்வது அதுவே.

அத்தகைய ஆற்றல் வாய்ந்த எழுத்தைத் தமிழினம் தன் போராட்டங்கட்குப் பயன்படுத்திக் கொண்டதா என்று வினவினால், விடை நாணத்தக்கதாகவே உள்ளது. அதற்குக் கொங்குநாட்டிலேயே சான்று கிடக்கிறது.

1965-ஆம் ஆண்டு சனவரி 26 முதல் இந்தியே ஒன்றியத்தின் ஒரே ஆட்சிமொழியாகும் என்ற நிலை வந்தபோது தமிழகம் கொதித்தெழுந்தது. மாணவர் கல்லூரிகளை விட்டுத் தெருவிற்கு வந்தனர். பிப்பிரவரி 11-ஆம் நாள் நடுவண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும், அமைச்சர் ஓ.வி. அளகேசனும் தம் பதவி விலகலை எழுதிக் கொடுத்தனர். சுப்பிரமணியம் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். அன்றிரவே தலைமையமைச்சர் இலால் பகதூர் சாத்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கூறினார். அடுத்த நாள், பிப்பிரவரி 12, அதே பொள்ளாச்சியில் துமுக்கிகள் முழங்கின. தெருவில் பலர் மாண்டு வீழ்ந்தனர். இறந்தோர் தொகையென அரசு சொன்னது ஒன்று. மக்கள் சொன்னது அதனினும் பன்மடங்கு. தமிழகம் முழுமைக்கும் அப்போராட்டத்தில் இறந்தோர் ஏறத்தாழ எழுபதின்மர் என்பது அரசின் கணக்கு. அக்கணக்கை அன்று நம்பியவர் சிலர். இன்றும் நம்புவோர் சிலரே.

அந்நாளின் படம் எங்கே? பொள்ளாச்சி என்றவுடன் கண்முன் வந்து நிற்கும் ஓர் ஒளிப்படம், தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றும் அறிந்த ஓர் ஒளிப்படம், வேற்று நாட்டான் கண்டு 'இது யாது?' என்று கேட்கும் ஓர் ஒளிப்படம் தமிழினத்தின் கையில் இல்லை. அக்காரணத்தாலேயே தொகை பற்றிய வழக்கு அறுபது ஆண்டுகளாகத் தீர்வின்றிக் கிடக்கிறது. சாகடித்தவன் கணக்கெழுதினான், செத்தவன் பக்கத்தில் சான்று இல்லை.

இதனோடு ஒப்பிட்டுக் காண வேண்டிய ஊர் ஒன்று தென்னாப்பிரிக்காவில் உண்டு. அதன் பெயர் சொவேட்டோ. அங்கும் சிக்கல் மொழிச் சிக்கலே. வெள்ளையர் அரசு, கருப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆப்பிரிக்கான்சு மொழியைப் பயிற்றுமொழியாகத் திணித்தது. 1976 சூன் 16-ஆம் நாள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலமாகச் சென்றனர். காவல்துறை சுட்டது. எக்டர் பீட்டர்சன் என்னும் பன்னிரண்டு அகவைச் சிறுவன் வீழ்ந்தான். அவனை இளைஞன் ஒருவன் இருகைகளாலும் ஏந்திக்கொண்டு ஓட, சிறுவனின் தமக்கை கைவிரித்துக் கதறியவாறு உடன் ஓடுகிறாள். அக்காட்சியைச் சாம் நிசிமா என்னும் கருப்பின ஒளிப்படக்காரர் தம் கருவியில் பதித்தார். காவலர் படச்சுருளைப் பறிப்பர் என்பதை அறிந்து, அதைத் தம் காலுறைக்குள் மறைத்தே அனுப்பி வைத்தார்.

அப்படம் செய்தித்தாளில் வெளிவந்தது; உலகெங்கும் பரவியது. மூன்றாம் நாளே, சூன் 19-இல், ஒன்றிய நாடுகள் அவையின் பாதுகாப்பு மன்றம் அக்கொடுமையைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. ஆப்பிரிக்கான்சுக் கட்டாயம் கைவிடப்பட்டது. அப்படத்தை முதலில் வெளியிட்ட இதழை மறு ஆண்டே அவ்வரசு தடைசெய்தது. நிசிமா வேலையிழந்து தம் சிற்றூருக்குச் சென்று காவலர் கண்காணிப்பில் வாழ நேர்ந்தது. ஆயினும் படம் தப்பிவிட்டது. 1994-இல் நிறவெறி ஆட்சி ஒழிந்தபின், சூன் 16 அந்நாட்டின் இளைஞர் நாளாயிற்று. அச்சிறுவன் பெயரால் நினைவிடமும் அருங்காட்சியகமும் எழுந்துள்ளன.

சொவேட்டோவில் திணிக்கப்பட்டதும் மொழி. பொள்ளாச்சியில் திணிக்கப்பட்டதும் மொழி. அங்குச் சுட்டதும் அரசு. இங்குச் சுட்டதும் அரசு. பொள்ளாச்சி பதினோராண்டு முற்பட்டது. எனினும் உலகம் சொவேட்டோவை அறியும், பொள்ளாச்சியை அறியாது. தமிழனின் குருதி நிறங்குறைந்ததன்று. அக்குருதி சிந்தியபோது அதனைப் பதிவு செய்து, மறைத்துக் காத்து, பெயரிட்டு உலகின் முன் வைக்கத் தமிழரிடையே ஓர் ஏற்பாடு இருந்திலது. ஓர் ஒளிப்படம் உலகை மாற்றும் என்பது உண்மை. ஆனால் அது தானாக மாற்றாது. எடுக்க ஒரு கை வேண்டும். காக்க ஓர் இயக்கம் வேண்டும். பெயர் சொல்ல ஒரு மொழி வேண்டும்.

கொங்குநாட்டார்க்கு ஒளிப்படக் கலை தெரியாதா? இந்தியத் துணைக்கண்டத்தில் அக்கலைக்கு முன்னோடிகளாய் நின்றவர்களுள் இம்மண்ணின் மைந்தர் உண்டு. கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் தொடர்வண்டித் துறை ஊழியராக இருந்தவர். 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்து ஓடும் படங்களைக் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஆல் திரையரங்கை எழுப்பினார். அதன் பெயராலேயே இன்றும் கோவையில் ஒரு சாலை வழங்கப்படுகிறது. கலங்கலிற் பிறந்து கோவையைத் தொழில் நகராக்கிய ஜி.டி. நாயுடு ஒளிப்படக் கருவியின்பால் பெரும் பற்றுடையவர். 1936-இல் இலண்டனில் நடந்த ஐந்தாம் சியார்ச்சு மன்னரின் இறுதி ஊர்வலத்தையே தம் கருவியில் ஓடும் படமாகப் பதிவு செய்தவர். 1930-களிலும் 1940-களிலும் சென்ட்ரல், பட்சிராசா எனப் படப்பிடிப்பு நிலையங்கள் கோவையில் இயங்கின. தமிழ்த் திரைப்படங்கள் பல அங்கு உருவாயின.

படச்சுருளும் அயலிலிருந்துதான் வரவேண்டும் என்ற நிலை மாறியது இம்மலைத் தொடரிலேயே. 1960-இல் உதகமண்டலத்தில் இந்துத்தான் போட்டோ பிலிம்சு நிறுவனம் தொடங்கப்பெற்று, 1967-இல் ஆக்கத்தைத் தொடங்கியது. 'இந்து' என்னும் பெயரில் வந்த அதன் கருப்பு வெள்ளைப் படச்சுருள் நாடெங்கும் விற்றது. வண்ணப் படம் பெருகியது; பின்னர்ச் சுருளே வேண்டாத எண்மக் கருவிகள் வந்தன. ஆலை நலிந்து, இறுதியில் மூடப்பட்டது. மலைமேல் படச்சுருள் உருண்டது 1967-இல். மலையடியில் குருதி ஓடியது 1965-இல். இரண்டாண்டு பிந்திவிட்டது என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. பிந்தியது சுருள் அன்று, விழிப்பே.

மன்னரின் சாவூர்வலத்தைப் பதிவு செய்யக் கோவையிலிருந்து இலண்டன் வரை ஒரு கருவி சென்றது. கோவையிலிருந்து இருபத்தைந்து கல் தொலைவிலுள்ள பொள்ளாச்சித் தெருவில் தமிழ் மக்கள் வீழ்ந்தபோது, அவர்களின் சாவை ஊரறியக் காட்ட ஒரு படமும் வெளிவந்திலது. இது நாயுடுவின் குற்றமன்று. எந்தத் தனி மாந்தனின் குற்றமும் அன்று. அரசரின் வாழ்வும் சாவுமே வரலாறு, குடிகளின் வாழ்வும் சாவும் வரலாறாகா என்று நீண்டநாள் கற்பிக்கப்பட்ட ஓர் இனத்தின் நோய்.

இந்நோய்க்கு வேர் ஆழமானது. தமிழ்நிலம் முதன்முதலில் ஒளிப்படத்தில் பதிவானது தமிழன் கையால் அன்று. 1858-இல் சென்னை மாநில அரசின் ஒளிப்படக்காரரான இலின்னேயசு டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் மதுரை, தஞ்சை முதலான ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிப் பத்தொன்பது அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். அப்பணி பாராட்டத்தக்கதே, கல்லெழுத்தும் ஒளியெழுத்தும் கைகோத்த இடம் அது. ஆயினும் தமிழனின் கல்வெட்டைத் தமிழனுக்கு முன் அயலான் படமெடுத்துத் தொகுத்தான் என்பதையும் மறத்தலாகாது.

அடுத்து வந்தது தாது ஆண்டுப் பெரும்பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாநிலத்தையும் மைசூரையும் அது சூறையாடியது; தென்னாட்டில் ஐம்பது இலக்கத்திற்கு மேற்பட்டோர் மடிந்தனர் என்பது அறிஞர் மதிப்பீடு. சேலமும் கோவையும் அதில் சிக்கின. சேலம் மாவட்டத்தில் 1871 குடிக்கணக்கில் இருந்த மக்களைவிட 1881 குடிக்கணக்கில் இருந்தோர் மிகப் பலர் குறைவு. அப்பஞ்சத்தில் எலும்புந் தோலுமாய் நின்ற மக்களை வில்லோபி வாலசு ஊப்பர் என்னும் ஆங்கிலப் படையதிகாரி வரிசையாக அமரவைத்துப் படமெடுத்தார். அப்படங்கள் இங்கிலாந்து சென்றன. ஆட்சியின் நெஞ்சற்ற தன்மைக்கு இன்றும் அவையே சான்று. பஞ்சத்தைப் பற்றி எவர் எழுதினும் அவற்றையே எடுத்துக் காட்டுகின்றனர். படமெடுத்தவர் அவர்க்குச் சோறிட்டாரா என்னும் வினாவும் அக்காலந்தொட்டே எழுந்தது.

ஆனால் அப்படங்களின்கீழ் ஒரு பெயரேனும் உண்டா? எலும்புகளை எண்ணலாம்; விலா ஒவ்வொன்றையும் காணலாம். அத்தாய் எவ்வூரினள், அப்பிள்ளையின் பெயர் யாது என்பது மட்டும் தெரியாது. படமெடுத்த அதிகாரியின் பெயர் நிற்கிறது. படத்திலிருந்து பார்ப்பவரின் பெயர் அழிந்தது. பிறர் எடுத்த படத்தில் தமிழன் காட்சிப் பொருளாகிறான். தன் பெயரோடு நிற்கும் படத்தில்தான் மாந்தனாகிறான். சொவேட்டோப் படத்திற்கும் தாதுப் பஞ்சப் படத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. எக்டர் பீட்டர்சனுக்குப் பெயர் உண்டு; தமக்கை உண்டு; ஊர் உண்டு. ஆகவே அவன் சாவுக்கு வழக்குரைக்க ஓர் இனமே எழுந்தது.

தமிழினம் தன் காலத்திலேயே ஒளிப்படத்தின் ஆற்றலை இருமுறை கண்கூடாகக் கண்டுள்ளது. இரண்டும் ஈழத்துப் படங்கள்.

முதலாவது, 1983 சூலையில் கொழும்புப் பொரளைப் பேருந்து நிலையத்தில் எடுக்கப்பட்டது. ஆடை களையப்பட்ட தமிழர் ஒருவர் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் சிங்கள இளைஞர் சிரித்துக் கூத்தாடுகின்றனர். அதை எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க என்னும் சிங்களரே. வெறியாட்டத்தின் நடுவே மாந்தநேயத்தை இழவாது தம் கருவியை உயர்த்திய அவர்க்குத் தமிழினம் கடன்பட்டுள்ளது. பல்லாயிரம் சொற்களால் விளக்க முடியாத கருப்புச் சூலையை அவ்வொரு படம் விளக்கிற்று. எனினும் அங்கும் அத்தமிழரின் பெயர் படத்தோடு வரவில்லை.

இரண்டாவது, 2013 பிப்பிரவரியில் வெளிவந்தது. பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரன், பன்னிரண்டு அகவையினன். ஒரு படத்தில், மணல்மூட்டைக் காப்பரணில் தோளில் துணி போர்த்தி, ஏதோ தின்பண்டத்தைக் கையிற் பிடித்துக் கொண்டு, எவரையோ ஏறிட்டு நோக்கியவாறு அமர்ந்திருக்கிறான். மறுபடத்தில் மார்பில் குண்டுத் துளைகளோடு கிடக்கிறான். இரண்டும் ஒரே கருவியால் சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று பிரித்தானிய ஆவணப்பட இயக்குநர் கேலம் மேக்ரே வெளிப்படுத்தினார். இலங்கைப் படைத்துறை மறுத்தது.

அப்படம் தமிழகத்தில் செய்ததை எவரும் மறந்திரார். நான்காண்டாக முள்ளிவாய்க்காலைப் பற்றி எழுதியும் பேசியும் அசையாதிருந்த கல்லூரிகள் அச்சிறுவனின் கண்ணைக் கண்டு அசைந்தன. மார்ச்சு 8-ஆம் நாள் சென்னை இலயோலாக் கல்லூரி மாணவர் எண்மர் உண்ணாநோன்பு தொடங்கினர். சில நாள்களில் கோவை உள்ளிட்ட நகரங்களெங்கும் மாணவர் தெருவில் நின்றனர். மார்ச்சு 19-இல் தி.மு.க. நடுவணரசுக் கூட்டணியினின்று விலகியது. மார்ச்சு 21-இல் செனீவாவில் மாந்த உரிமை மன்றத்தில் இலங்கை பற்றிய தீர்மானம் 25 நாடுகளின் ஒப்போலையால் நிறைவேறியது. இந்தியாவும் அதற்கு ஒப்போலையிட்டது. 1965-க்குப்பின் மாணவர் அத்துணைப் பெரிதாய் எழுந்தது அப்போதுதான். அதற்கு மூட்டிய தீக்குச்சி ஓர் ஒளிப்படம்.

ஆயின் தீக்குச்சி விளக்காகாது என்பதையும் உணர்தல் வேண்டும். அச்சிறுவனின் கொலைக்காக எவரும் அறமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. கல்லூரிகள் திறந்தன, தேர்வு வந்தது, தெரு அமைந்தது. படம் நெஞ்சைச் சுடும். சுட்ட நெஞ்சை வழிநடத்தும் பொறுப்பு இயக்கத்தினுடையது. படத்தைக் கண்டு அழுதுவிட்டு அடுத்த படத்திற்கு விரல் நகர்த்தும் இக்காலத்தில், கண்ணீரே கடமையாகக் கருதப்படும் கேடு பெருகியுள்ளது. இஃது ஒளிப்படத்தின் குறையன்று, காண்பாரின் குறை.

கண்ணீரோடு நில்லாமல் படத்தைப் படைக்கலமாக ஏந்தி நிற்போரும் உளர். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்பிரவரியில் தாய்மார் தெருவோரக் கொட்டகைகளில் அமர்ந்தனர். படையினரிடம் ஒப்படைக்கப்பட்ட தம் மக்கள் எங்கே என்பதே அவர்தம் வினா. ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஒளிப்படம். பள்ளிச் சீருடையிலோ, திருமணக் கோலத்திலோ, அடையாள அட்டைக்காக எடுத்ததோ ஆகிய சிறு படம். அதன்கீழ்ப் பெயர் உண்டு; பிறந்த ஆண்டு உண்டு; காணாமற் போன நாள் உண்டு. ஒரு பேரரசால் விடையிறுக்க முடியாத வினா அத்துண்டு அட்டை. தாதுப் பஞ்சத்தில் பெயரற்றுப் போன தாய்க்கும், இத்தாய்க்கும் இடையே தமிழினம் கற்றுக்கொண்ட பாடம் இதுவே: படத்தின்கீழ்ப் பெயரெழுது.

இற்றைநாளில் அப்பாடம் முன்னினும் தேவைப்படுகிறது. செயற்கை நுண்ணறிவால், நடவாத நிகழ்ச்சியையும் நடந்ததுபோற் காட்டும் படம் நொடியில் உருவாகிறது. பொய்ப்படம் பெருகப் பெருக, மெய்ப்படத்தையும் 'பொய்' என்று தள்ளிவிடுதல் கொடியவர்க்கு எளிதாகிறது. இனி ஒரு படம் சான்றாக நிற்க வேண்டுமாயின், எடுத்தவர் எவர், எந்நாள், எவ்விடம், எவரிடம் காக்கப்பட்டது என்னும் வரலாறும் அதனோடு நிற்றல் வேண்டும். பெயரும் நாளும் அற்ற படம் இனி அனாதை.

கொங்குநாட்டில் உடனே செய்தற்குரிய பணி ஒன்று காத்துக்கிடக்கிறது. 1965-இல் பதினெட்டு அகவையினராய் இருந்தவர் இன்று எண்பதை நெருங்குகின்றனர், பலர் மறைந்துவிட்டனர். பொள்ளாச்சியிலும் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பழைய ஒளிப்பட நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. பேரப்பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டும்போது, அட்டாலியிற் கிடந்த தகரப்பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அப்பெட்டிக்குள் ஊர்வலப் படம் இருந்ததா, மாணவர் விடுதிப் படம் இருந்ததா என்று பார்ப்பாரில்லை. பெட்டியில் எஞ்சியிருப்பதும் நெடுநாள் நில்லாது. பழைய எதிர்ப்படச் சுருள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து புளிக்காடி நாற்றம் வீசும். அந்நாற்றம் வந்தபின் அதனை மீட்டல் அரிது.

எனவே ஒவ்வோர் ஊரிலும் தமிழன்பர் ஈரிருவராகச் சேர்ந்து வீடு வீடாகச் செல்லுதல் வேண்டும். ஆசாரத்துச் சுவரில் தொங்கும் படத்தையும் அட்டாலிப் பெட்டியையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். கிடைத்த படத்தின் பின்புறத்தில், மையால் எழுதாது கரிக்கோலால், மெல்ல, பெயரும் ஊரும் நாளும் எழுதுதல் வேண்டும். முதியவர் சொல்லும் செய்தியை அவர் வாய்மொழியிலேயே பதிவு செய்தல் வேண்டும். படத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துப் படியை மட்டும் எடுத்தல் வேண்டும். தமிழனின் நம்பிக்கையைக் கெடுத்துத் தமிழ்ப்பணி செய்தலாகாது. சென்னையில் ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுச் செல்வத்தைக் காத்து வருகிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் பொருளுதவியோடு, தமிழகத்துப் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களைத் தேடி எண்மப் படிகளாக்கியது. பிறநாட்டார் இதன் அருமையை உணர்ந்து பொருள் தரும்போது, இத்தனை ஆலையும் கல்லூரியும் உடைய கோவை வாளாவிருத்தல் தகுமா?

தேடும்போது தமக்கு உகந்ததை மட்டும் தேடுதலும் ஆகாது. 1965 பிப்பிரவரியில் திருப்பூரில் காவல் துணை ஆய்வாளர் இருவர் கூட்டத்தினரால் கொல்லப்பட்டனர். அவர்க்கும் மனைவி மக்கள் இருந்தனர். அப்படம் கிடைப்பினும் அதனையும் காத்தல் வேண்டும். தன் பக்கத்துத் தவற்றை மறைக்கும் இனத்தின் சான்றை உலகம் நம்பாது. மெய்யை முழுமையாக வைப்பவனுக்கே அறங்கேட்கும் உரிமை உண்டு.

ஆண்டுதோறும் சனவரி 25-இல் மொழிப்போர் ஈகியர்க்கு வீரவணக்கம் செலுத்தப்படுகிறது. கீழப்பழுவூர்ச் சின்னச்சாமியின் படத்தோடு, கொங்குநாட்டின் சத்தியமங்கலம் முத்து, பீளமேடு தண்டபாணி ஆகியோர் படங்களும் மாலை சூட்டப்படுகின்றன. என்றோ ஒரு சிறு ஒளிப்பட நிலையத்தில் விறைத்து நின்று எடுத்துக்கொண்ட படம். அதுவே இன்று ஓர் இனத்தின் ஈகச் சின்னம். அவர்க்கு முகம் எஞ்சியது. பொள்ளாச்சித் தெருவில் வீழ்ந்தோரில் எத்துணைப் பேர்க்கு அதுவும் எஞ்சவில்லை! அவர்தம் முகங்கள் எங்கேனும் ஒரு திருமணக் குழுப்படத்தில், ஒரு பள்ளி வகுப்புப் படத்தில், ஒரு சந்தைத் திருவிழாப் படத்தின் ஓரத்தில் இருத்தல் கூடும். சுட்டு வீழ்த்திய நொடியின் படம் இல்லாவிடினும், வீழ்ந்தவனின் முகமும் பெயரும் கிடைத்தால் போதும். கணக்கு அங்கிருந்தே திருத்தப்படும்.

கொங்குத் தமிழ் இளைஞரே! கையில் எப்போதும் கருவி வைத்துள்ள முதல் தலைமுறை நீவிர். உணவையும் உடையையும் படமெடுத்த கை, ஒருநாள் பாட்டனின் பெட்டியைத் திறக்கட்டும். எடுக்க, பெயரெழுதுக, காக்க. பொள்ளாச்சிக்குப் படம் எங்கே என்று அடுத்த தலைமுறை கேட்கும்போது, இதோ அவர்தம் முகம், இதோ அவர்தம் பெயர் என்று எடுத்து வைக்கும் பொறுப்பு நும்முடையது.